எட்டாம் சுற்று

என் வேலைக்குக் ‘கணக்கு நேர்செய்பவர்’ என்று பெயர்.
கம்பெனி தந்த அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.
டொலீடோ நகரத்தின் ஆலைத் தெருக்களில்
எனக்கு வேறு பெயர்கள் உண்டு.
ஹங்கேரிய மொழியில் வைத்ததால் பாதி புரியாது.
மீதியை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

விற்கும்போதும் நான்தான் போனேன்.
இருபத்தெட்டாம் வருஷக் கோடை,
கஞ்சி போட்ட காலர், புது ஷூ.
முன்பணம் பத்து டாலர், வாரம் ஒன்றரை.
‘சிகாகோ நகரமே உங்கள் கூடத்தில் வந்து உட்காரும்’ என்றேன்.
உட்காரத்தான் செய்தது.
வார்ப்பாலையில் காய்த்துப்போன கைகள்
ரேடியோவின் குமிழை இரண்டே விரலால் திருகின,
பிறந்த குழந்தையின் காதைத் தொடுவதுபோல.

பிறகு ஆலை வாரம் மூன்று நாள் ஆனது.
பிறகு இரண்டு.
பிறகு புகைபோக்கியின் விளிம்பில்
பறவைகள் வந்து உட்காரத் தொடங்கின.

கையேட்டில் மூன்று விதிகள்:
கதவு திறந்ததும் காலை உள்ளே வை.
உட்காராதே.
அவர்கள் வீட்டில் கை நனைக்காதே.
எழுதிய டில்பர்ட்டை ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
விதிகளை வைத்துக்கொண்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை, பிப்ரவரிப் பனி.
பட்டியலில் ஆறாவது வீடு:
பிரோஷ்கா லெந்த்யெல். பாக்கி ஒன்பது டாலர்.
கதவைத் தட்டுமுன்பே சத்தம் கேட்டது.
நியூயார்க்கில் எங்கோ இரண்டு பேர்
குத்திக்கொண்டிருந்தார்கள்.
ஆறாம் சுற்று.

உள்ளே முப்பது பேராவது இருப்பார்கள்.
யாரையும் எனக்குப் பெயரால் தெரியாது.
ஜன்னலோரம் நிற்பது துணி துவைக்கும் இயந்திரம், அக்டோபர்.
மடியில் குழந்தையோடு ஒரு தையல் மிஷின்.
அடுப்பருகே தோளோடு தோள் ஒட்டி
நான்கு ரேடியோக்கள்.
அப்போதுதான் உறைத்தது:
தெருவில் மிஞ்சியது இது ஒன்றுதான்.
மற்றதையெல்லாம் எடுத்தவன் நான்.

யாரும் திட்டவில்லை.
போன மாதம் சோபாவைப் பறிகொடுத்தவர்
பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன்.

ஏழாம் சுற்று. இடது கண் கிழிந்துவிட்டதாம்,
யாருடையது என்பதை இரைச்சல் விழுங்கிவிட்டது.
ஒரு பையன் மூச்சை அடக்கிக்கொண்டு
காற்றில் குத்தினான்.
முட்டைக்கோஸ் சூப், மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்க,
கை மாறிக் கை மாறி
என்னிடம் வந்து நின்றது.
குடித்தேனா என்று கேட்காதீர்கள்.

எட்டாம் சுற்றில் மணி அடித்தது.
வெளியே லாரிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.
இன்னும் ஐந்து வீடு பாக்கி.
எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.
குரல் உடனே நிற்கவில்லை.
கிணற்றில் இறங்குகிற வாளிபோல
ஒரு நொடி கீழே போனது.

பிரோஷ்கா மேலே கிடந்த பின்னல் துணியை எடுத்தாள்.
முன்றானையால் தூசி துடைத்தாள்.
ஒயரைத் தானே சுருட்டிக் கட்டித் தந்தாள்.
தூக்கிச் செல்ல இரண்டு ஆண்கள் வந்தார்கள், கேட்காமலே.
வாசல்படியில் சோபாக்காரர் மட்டும் சொன்னார்:
‘இடிக்காமல் எடுத்துப் போங்கள்.
அதில் ஒன்பது டாலர்தான் உங்களுடையது.’

கிடங்கில் அறுபத்தொரு பெட்டிகள்
சுவரைப் பார்த்து நின்றன.
வாங்க ஆளில்லை.
அன்றிரவு இதை மட்டும் பிளக்கில் செருகிப் பார்த்தேன்.
பெட்டி சூடேறி, கரகரத்து,
ஏதோ ஓட்டலிலிருந்து நடன இசை வந்தது.
சண்டை முடிந்திருந்தது.

ஏப்ரலில் என் ஃபோர்டு காரை எடுக்க வந்தவன்
கதவு திறந்ததும் காலை உள்ளே வைத்தான்.
சரியாகத்தான் வைத்தான்.
அவனும் உட்காரவில்லை.

அன்று யார் ஜெயித்தார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். வாங்கவில்லை.
அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.
கேட்டால் சொல்வார்கள்.
அதனால்தான் கேட்கவில்லை.