ஒரு குவியல், ஏழு சீட்டு

திம்மராயன் மாங்கூழ் ஆலைக்கு
வாசல் ஒன்றுதான். ராயக்கோட்டை சாலையில்
எடைமேடை தாண்டி இடப்பக்கம்.
இணையத்தில் மட்டும் ஏழு.

மூன்று டபிள்யூ போட்டு வந்தாலும் அவர்தான்,
போடாமல் வந்தாலும் அவர்தான்.
பூட்டுப் படம் இருந்தாலும், இல்லாவிட்டாலும்,
வாலில் ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும்,
இன்டெக்ஸ் டாட் பிஹெச்பி என்று
முழுப்பெயரை நீட்டி முழக்கினாலும்
அதே மஞ்சள் பக்கம், அதே டின், அதே போன் நம்பர்.

"எல்லாம் நம்ம ஆலைதானேம்மா,
ஏழு வழி இருந்தா நல்லதுதானே?"
தேடுபொறிக்கு அது தெரியாது என்றேன்.
ஏழு ஆலை என்று எண்ணி
பேரை ஏழாகப் பங்கு போட்டு
ஒன்றையும் முதல் பக்கத்தில் வைக்காது.

முகம் தெளியவில்லை.
அப்புறம் மண்டியைச் சொன்னேன்.
காவேரிப்பட்டணத்தில் கிளிமூக்கு,
ஓசூர் வியாபாரிக்குப் பெங்களூரா,
ஆந்திர லாரிக்குத் தோத்தாபுரி.
மூன்று சீட்டு எழுதினால்
கணக்கப்பிள்ளை மூன்று குவியல் தேடுவார்.
கிடப்பது ஒன்று.
"அட, சீட்டை ஒண்ணாக்கிடு" என்றார்.
அதுதான் வேலை.

லண்டன்பேட்டையில் செல்போன் பழுதுகடை மாடி.
மின்விசிறியை மூன்றில் வைத்து
சர்வர் கோப்பைத் திறந்தேன்.
பெயரே புள்ளியில் தொடங்கும் கோப்பு;
வற்புறுத்திக் கேட்டால் ஒழிய முகம் காட்டாது.

தொப்பிக்குறி, இங்கே தொடங்குகிறது.
டாலர், இங்கே முடிகிறது.
நடுவில் புள்ளியும் நட்சத்திரமும்,
எது வந்தாலும் சரி.
முந்நூற்று ஒன்று: வீடு மாறிவிட்டார், இனி அங்கேதான்.
முந்நூற்று இரண்டு என்று போட்டிருந்தால்
ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்.

முதல் முயற்சி வட்டமடித்தது.
டபிள்யூ உள்ளதை இல்லாததற்கு நான் அனுப்ப,
ஹோஸ்டிங்காரன் ஏற்கெனவே
இல்லாததை உள்ளதற்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.
ரவுண்டானாவில் சேலம் பலகையைத் தவறவிட்ட
வெளியூர்க் கார் மாதிரி
சுற்றிச் சுற்றி வந்து
வெள்ளைத் திரையில் நின்றது பிரௌசர்.

ஒரு விதியை எடுத்தேன். ஒன்றை மேலே ஏற்றினேன்.
'இதோடு நிறுத்து' என்கிற ஒற்றை எழுத்தைக்
கடைசியில் குத்தினேன்.
ராத்திரி ஒன்பதுக்குள் ஆறு வாசலும்
ஏழாவதைக் கைகாட்டின.

பதிவேட்டைப் பார்க்காமல் மூடியிருக்கலாம்.

மற்ற பழையதெல்லாம் முகப்புக்கு என்று
நான் எழுதிய கடைசி விதியில்
அடிபடப்போகும் ஒரு முகவரி.
பணியாளர், சாய்கோடு, கெம்பம்மா.
எட்டு வருடத்துப் பக்கம். எங்கிருந்தும் இணைப்பில்லை.
பழம் பிரிக்கும் மேசைக்குப் பின்னால்
பச்சை உறை மாட்டிய கைகளோடு ஒரு பெண்
கேமராவைப் பார்க்காமல் சிரிக்கிறார்.
தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு
யாரோ அதைத் திறக்கிறார்கள்.
ஒரு முறை. வேறு பக்கம் எதையும் தொடுவதில்லை.

அப்போதே போன் போட்டேன்.
"கெம்பம்மாவா? அந்தம்மா தவறிப்போய்
ரெண்டு சீசன் ஆச்சே.
படம் இன்னுமா இருக்கு?"

எந்திரமாக இருக்கலாம்.
தேடுபொறியின் சிலந்திகளும் நேரம் தவறாதவை.
முதல் ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் யாருடையதோ
கட்டைவிரலாகவும் இருக்கலாம்.
ஐபி எண் வாயைத் திறக்கவில்லை.

விடிந்தால் அந்த விரல் தட்டும்.
என் விதி, மிகச் சரியாக,
அதை மாங்கூழ் டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.
பிழை என்று எங்கும் காட்டாது.

கோப்பை மறுபடி திறந்து
அந்தக் கடைசி விதியின் தலைமேல்
ஒரு நிபந்தனை, அதில் ஓர் ஆச்சரியக்குறி.
இந்த மொழியில் அதற்கு வியப்பு கிடையாது.
'இது தவிர' என்று பொருள்.

மறுநாள் ஐந்து நாற்பது.
பதிவேட்டில் இருநூறு: கேட்டது கிடைத்தது.

திம்மராயனுக்கு அனுப்பிய பில்லில்
ஆறு மாற்றம் என்றே எழுதினேன்.