லாபம், ரெண்டு, மூணு

தலை எண்ணத்தான் என்னைக் கூட்டிவந்தார்கள்.
விளையாட்டு ஆசிரியர் கால் முறிந்து கட்டிலில்;
கையில் பாஸ்போர்ட் வைத்திருந்த அடுத்த ஆள்
பள்ளி அலுவலகத்தில் நான்தான்.
நீச்சல் தெரியாது. கூடாரம் அடிக்கத் தெரியாது.
சம்பளப் பட்டியலில் மட்டும்
இதுவரை ஒரு பிழை வந்ததில்லை.

அப்பா நாமக்கல்லில் அரிசி மண்டி வைத்திருந்தார்.
முதல் மரக்காலை ஒன்று என்று
யாரையும் சொல்ல விடமாட்டார்.
அந்த வாய்தான் எனக்கும்:
லாபம், ரெண்டு, மூணு...
சென்னை விமான நிலையத்திலேயே
பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.
"சார், நான் லாபமா ரெண்டா?"
மோனிஷ் எங்கிருந்தாலும் ஓடிவந்து
முதலில் நிற்பான், லாபமாக இருக்க.

பினாங்கு. தெலுக் பஹாங்கில் படகேறி
கெராச்சுட் கடற்கரையில் கால் வைக்குமுன்
மூன்று முறை எண்ணிவிட்டேன். பதினான்கு.
வயிற்றோடு கட்டிய பையில்
எங்கள் இரண்டையும் சேர்த்துப் பதினாறு கடவுச்சீட்டு.
என்னைவிட அவை அதிகம் வியர்த்தன.

குரங்கொன்று நஸ்ரினின் பற்பசையோடு மரமேறிற்று.
உடும்பொன்று, எங்கள் ஊர்க் கணக்கில் முதலை,
வாடகை வசூலிக்க வந்தவர்போலக்
கூடாரங்களுக்கு நடுவே நடந்துபோனது.
ராத்திரி ஆமை கரையேறும் என்று
பிலோமினா டீச்சர் சொல்லியிருந்தார்.
ஆமை வரவில்லை. மழை வந்தது.

பெய்தது என்று சொல்ல முடியாது; கவிழ்ந்தது.
வனக்காவலர் கொட்டகைக்கு
எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடினோம்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி,
வாய் திறக்க முடியாமல்,
ஒவ்வொரு ஈரத் தலையையும் தொட்டு எண்ணினேன்.

பதினைந்து.

மறுபடி எண்ணினேன். பதினைந்து.

ஒன்று குறைந்தால் என்ன செய்வதென்று
ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தேன்:
யாரை எழுப்புவது, எந்த எண்ணுக்கு அடிப்பது,
ஒரு தாயிடம் எந்தச் சொல்லை முதலில் சொல்வது.
ஒன்று கூடினால் என்ன செய்வதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
"டீச்சர், நீங்க ஒரு தரம்..."
அவரும் எண்ணினார். சிலுவை போட்டுக்கொண்டார்.

ஓரத்தில் கவிவர்மனின் துண்டைப் போர்த்தி ஒரு பையன்.
பத்து வயது இருக்கலாம். முன்பல்லில் பாதி இல்லை.
பேரைக் கேட்டால்
பதிவேட்டில் உள்ளபடியே சொன்னான்:
யுகேந்திரன், தகப்பன் பெயர் முனியாண்டி.
படகுக்காரர் மகன்.
கடைசிப் படகில் வந்து பாறைக்குப் பின்னால்
இருட்டும்வரை இருந்திருக்கிறான்.
"ஏம்ப்பா?"
"கேம்ப்பு போனதே இல்ல சார்.
எங்க வீடு கிட்டத்துலயே இருக்குன்னு
யாரும் கூட்டிட்டு வரமாட்றாங்க."

காவலர் வாக்கி டாக்கியில் செய்தி சொன்னார்.
அந்தப் பக்கம் யாரோ ஓடினார்கள்,
கதவு ஒன்று அறைந்தது,
பிறகு முனியாண்டியின் குரல்
மலாயில் பாதி, தமிழில் பாதி
நல்ல வசவுகளாக வந்து விழுந்தது.
பையன் துண்டுக்குள் சுருங்கினான்.
வசவு தீர்ந்து
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
"இந்த அலையில படகு எடுக்க முடியாது சார்.
விடியட்டும்.
அவன் புரண்டு படுப்பான்,
ஓரத்துல போட்டுறாதீங்க."

நடுவில் போட்டேன்.
ஓரத்தில் நான் படுத்தேன்.
உண்மையிலேயே புரண்டான்:
இரண்டு மணிக்கு நஸீர் மேல்,
மூன்று மணிக்குக் குறுக்கே,
நான்கு மணிக்கு அவன் கால் என் வயிற்றில்,
பதினாறு கடவுச்சீட்டின் மேல்.
நகர்த்தவில்லை.
மழை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

காலையில் கடல் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
முனியாண்டி ஒரு கூடை நாசி லெமாக்கோடு இறங்கினார்.
மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து,
"பசியாறிட்டீங்களா சார்?"
அதற்குப் பிறகுதான் அவன் காதைத் திருகினார்,
திருகிய கையாலேயே தலையைத் துவட்டினார்.

படகேறும் நேரம். எண்ண வேண்டும்.
வழக்கம்போல மோனிஷ் மணலைக் கிளப்பி ஓடிவந்தான்.
முதல் இடத்தில் ஏற்கெனவே ஒருவன்
அட்டென்ஷனில் நின்றிருந்தான், அரைப் பல் தெரிய.
மோனிஷ் என்னைப் பார்த்தான்.
நான் கடலைப் பார்த்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
ரெண்டாக நின்றான்.