அறுவதற்கென்று ஒரு முடிச்சு

பொழியூர் டெல்பினாள் கடையில்
தூண்டிலை விரல்நகத்தில் வைத்து இழுப்பேன்.
வழுக்கினால் வேண்டாம்.
"நார்வே சாதனமாணு சேட்டா" என்பாள்.
நார்வேயிலேயே இருக்கட்டும்.

நாளைக்குக் கலவாய்.
குருசடிப் பார், முப்பத்தெட்டுப் பாகம்.
வட்டத்தூண்டில் ஆறு வாங்கினேன்.
எண்பது நரம்பில் கிளை இரண்டு,
முழத்துக்கு மேல் போகாமல்;
போனால் நீவாடு அதைத்
தாய்நரம்போடு பின்னிவைத்துச் சிரிக்கும்.

சூசைமரியான் கம்பி கேட்கிறான்.
கம்பி சுறாவுக்கு.
கலவாய்க்குக் கண் இருக்கிறது.

ஈயத்தை மட்டும்
வெயிலில் கிடந்து வெளுத்த,
கை முறுக்கினால் அறுகிற
பழைய நரம்பில் கட்டுகிறேன்.
"இப்படியா கட்டுவ? அறுந்துபோகும்."
அறுந்து போகத்தான்.

பார் பிடித்தால் விடாது.
எதையாவது கொடுத்தாக வேண்டும்.
எதை என்பதைக்
கரையிலேயே முடிவுசெய்துவிட்டுப் போகிறேன்.

நான்காவது இறக்கத்தில் பிடித்தது.
இழுத்தேன். டப்.
பிறகு கையில் ஒரு லேசு.
கணவாய்த் துண்டு ஓரம் கடிபட்டு மேலே வந்தது,
தூண்டில் இரண்டும் வந்தன.

அணியத்தில் சூசைமரியான்
நரம்பைக் கையில் நாலு சுற்று சுற்றி
வள்ளத்தையே சாய்த்துக்கொண்டிருந்தான்.
கத்தியை நீட்டினேன்.
என்னைப் பார்க்காமல் வாங்கினான்.

சாயங்காலம் டெல்பினாள்
பற்றுநோட்டை விரித்தாள்.
"ஈயம் எத்தர போயி?"
"மூணு."
எழுதிக்கொண்டாள்.
மீன் எத்தனை என்று
அவள் ஒருநாளும் கேட்டதில்லை.