காற்றுக்கு முதுகு

புளியரையில் ஆடி மாதம்
எந்தப் பூவும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை.
ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் காற்று
சாவடியில் நிற்காமல்
ஒரு காகிதமும் காட்டாமல்
நேராக எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்குள் நுழைகிறது.

இரவெல்லாம் லாரிகள்.
வைக்கோல், கோழி, சிமென்ட், திரும்பி வரும் காலி வண்டிகள்.
டார்ச் அடித்து எண் பார்த்து
முத்திரை குத்தி அனுப்பிவிட்டு
ஆறு மணிக்கு முகம் கழுவி
அதே கண்களோடு
தும்பைச் செடிமுன் குந்துகிறேன்.
காசு கொடுத்து வாங்கி வைத்த ரோஜா இருக்கிறது,
செம்பருத்தி இருக்கிறது.
குழாயடியில் தானாக முளைத்த இதுதான்
என்னைத் தோற்கடிக்கிறது.

கேமரா பழையது,
தென்காசியில் கல்யாண ஸ்டூடியோ மூடியபோது வாங்கியது.
எத்தனை தாலிகட்டைப் பார்த்ததோ.
லென்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வெற்றுக்குழாய் மாட்டினால்
பூ பக்கத்தில் வரும் என்றார்கள்.
வந்தது.
வந்த வேகத்தில் நடுங்கியது.

முதல் மாதம் நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
நூற்றுப் பத்து வெள்ளைப் புகை.
ஒன்றில் எறும்பு மட்டும் தெளிவு.
இன்னொன்றில்
பின்னால் கொடியில் காயும் குற்றாலிங்கத்தின் லுங்கி,
கட்டம் கட்டமாக, அபாரத் துல்லியம்.

லுங்கியை எடுத்து மடித்து வைத்தேன்.
பின்புறம் பச்சை இருட்டானது.
இருட்டைக் கண்டால் கேமராவுக்கு இரக்கம் அதிகம்,
வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி
பூவைப் பொசுக்கிவிடுகிறது.
முக்கால் படி குறைத்தேன்.
வெள்ளைக்குள்ளிருந்து
மெல்ல ஒரு நரம்பு எழுந்து வந்தது,
தாமதமாக வந்தாலும் மன்னிப்புக் கேட்காத ஆள்போல.

மகரந்தம் தெளிந்தால் இதழ்நுனி மங்குகிறது.
இதழைப் பிடித்தால் மகரந்தம் போச்சு.
அரிசிமணி அகலத்துக்குத்தான் தெளிவு,
அதை எங்கே வைப்பது என்பதுதான்
தினமும் எனக்குள் நடக்கும் பஞ்சாயத்து.

படம் பார்த்த ஷைனி
"தும்ப" என்றாள்.
மலைக்கு அந்தப்புறத்துக்காரி.
எங்கள் தும்பையின் ஐகாரம்
கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.
தேடிப் பார்க்க எந்தச் சாவடியிலும் ஆளில்லை.
"ஓணத்துக்கு முன்னாடி எடு சேச்சி,
அப்புறம் எங்க பிள்ளைங்க ஒண்ணு விட மாட்டாங்க"
என்று சிரித்தாள்.

இன்று சாரல்.
இதழில் ஒரு துளி, துளிக்குள் தலைகீழாக மலை.
காற்று விடவில்லை.
மூன்று முறை அழுத்தினேன், மூன்றிலும் கோடு.

கதவு திறக்கும் சத்தம்.
அண்ணன் வாங்கிய கடனுக்கு
என்னைக் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்.
ஒன்பது நாளாகப் பேச்சில்லை,
குழம்புகூடச் சுவரைப் பார்த்துத்தான் பரிமாறினேன்.
நான் நனைகிறேன் என்று நினைத்திருப்பார்,
குடையோடு வந்து
மேற்கே நின்று
காற்றுக்கு முதுகைக் கொடுத்தார்.

செடி நின்றது.

அது மட்டுமில்லை,
அவருடைய வெள்ளைப் பனியனிலிருந்து
கொஞ்சம் வெளிச்சம் தெறித்து
இத்தனை நாள் நிழலாகக் கிடந்த
பூவின் கீழ்ப்பாதியில் விழுந்தது.
அங்கே ரோமங்கள் இருந்தன.
பூவுக்கு ரோமம் உண்டென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அசையாதீங்க."

ஏன் என்று கேட்கவில்லை.
குடைக்காம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.
மூச்சையும் அடக்கிக்கொண்டார்,
நான் அதைச் சொல்லவேயில்லை.

அழுத்தினேன்.
திரையில் மலை, துளி, நரம்பு, ரோமம்,
அரிசிமணி அகலத்துக்குள் எல்லாம்.

"ஆச்சா?" என்றார்,
மூச்சு விட்டபடி.

ஆகியிருந்தது.

"இன்னும் காத்து நிக்கல,"
என்றேன்.