சனிக்கிழமை பத்து இருபது

நாலு வயதுக்குச் செய்த நாற்காலியில்
நாற்பத்தொன்பது வயது உட்கார்ந்தால்
முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.
அப்படி உட்கார்ந்துதான் ஒன்பது வருடமாக
அணில், ஆடு, இலை சொல்லித் தருகிறேன்,
செங்காங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்.

செவ்வாய்க்கிழமை ஷூ நாடா கட்டக் குனிந்தவள்
நிமிரவில்லை.
டீச்சர் எதையோ தேடுகிறார் என்று
ஆறு பிள்ளைகள் கூடவே குனிந்து தேடினார்கள்.
ஒருத்தி ஒரு பொத்தானைக் கண்டெடுத்து
என் கையில் வைத்தாள்.

பாலிகிளினிக் டாக்டர்
திரையைப் பார்த்தபடி கேட்டார்.
கால் மரத்துப் போகிறதா?
சிறுநீர் தெரியாமல் போகிறதா?
இல்லை, இல்லை என்றதும்
என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி.
வலி மாத்திரை. நடங்கள். படுத்தே கிடக்காதீர்கள்.
பிசியோதெரபிக்கு ஒன்பது வாரம் தள்ளி ஒரு தேதி.
ஒன்பது வாரத்தில் என் பிள்ளைகள்
ஃ வரை போய்விடுவார்கள்.

பேரங்காடி வாசலில் ஒரு மேசை.
பிளாஸ்டிக் முதுகெலும்பை
வீணைபோல் மடியில் சாய்த்திருந்தான் ஓர் இளைஞன்.
"முதல் தடவை முப்பத்தெட்டு வெள்ளிதான், ஆண்ட்டி."
இடது தோள் ஒரு சென்டிமீட்டர் தாழ்வாம்.
இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை,
ரவிக்கை தைக்கிறவர்கூட.
மங்கையர்க்கரசியில் மங்கை வரை எழுதி
சனிக்கிழமை பத்து இருபது என்று முடித்தான்.

பிறகு ஊரெல்லாம் வைத்தியர்கள்.
ஒரே 'டக்', பத்து வருட வலி போச்சு
என்கிறாள் ஹுய் லிங்.
பின்னே ஏன் மாதாமாதம் போகிறாய் என்று
நான் கேட்கவில்லை.
தம்பி குணாளன் நாலு நிமிடத்துக்குக் குரல்செய்தி:
கழுத்தைத் திருப்பிப் பக்கவாதம் வந்தவர்களின் கதை.
எனக்கு இடுப்புடா என்றால்
எல்லாம் ஒரே எலும்புதானே என்கிறான்.
எதிர்வீட்டு நூர்ஹயாத்தி
உருவிவிடும் ஒரு மாக்சிக்கின் எண்ணை அனுப்பினாள்.
மாமியார் ஒரே சொல்லில் முடித்தார்: வாயு.

கால் முன்னால் வரப் பிறந்தவர்
மூன்று முறை மிதித்தால்
பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள் எங்களில்.
அதையும் யோசித்தேன்.
இந்தத் தீவில் இப்போது யார் அப்படிப் பிறக்கிறார்கள்?
பிள்ளை திரும்பிக் கிடந்தால்
தேதி குறித்து வயிற்றைத் திறந்து எடுத்துவிடுகிறார்கள்.
மிதிக்கத் தகுதியுள்ளவர்கள் எல்லாரும்
சிபிஎஃப் எடுத்து முடித்திருப்பார்கள்.

இரவு இரண்டு மணி.
எழுந்து உட்கார்ந்துதான் புரண்டு படுக்க முடிகிறது.
பக்கத்தில் கணவர் நன்றாகத் தூங்குகிறார்.
எனக்கு வேண்டியது அந்த 'டக்'தானோ என்னவோ.
வலிக்கு ஒரு சத்தம் இருந்தால்
அவர் நம்புவார்.
வலிக்கும் இடத்தை
இதுவரை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.
முப்பத்தெட்டு வெள்ளி
அதற்கு அதிகமா குறைவா
என்று தெரியவில்லை.

வெள்ளி மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரம்,
விளக்கணைத்த அறையில் குப்புறப் படுத்திருந்தேன்.
கழிப்பறைக்குப் போக எழுந்த துருவேஷுக்கு
நேர்வழி நான்தான்.
ஒரு காலுறை, பதினாறு கிலோ,
வலிக்கிற இடத்திலேயே.
"சாரி டீச்சர், பாய்னு நெனச்சேன்."
டக் என்று எதுவும் கேட்கவில்லை.
ஒரு சின்னச் சூடு மட்டும்
மணி மூன்று வரை அங்கேயே இருந்தது.
அவனுடைய பதிவுப் படிவம் அலமாரியில்தான் இருக்கிறது.
எப்படிப் பிறந்தான் என்று பார்க்கவில்லை.

சனி, எட்டரை. குறுஞ்செய்தி:
வருவதை உறுதிசெய்ய ஒன்று,
நேரத்தை மாற்ற இரண்டு.
வரவில்லை என்பதற்கு எண் எதுவும் கொடுக்கவில்லை.

பாலிகிளினிக்கை அழைத்தேன்.
யாராவது தேதியை ரத்து செய்திருந்தால்
அதை எனக்குத் தர முடியுமா?
காத்திருங்கள், வரிசையில் பதினான்காவது நீங்கள்
என்றது ஒரு குரல்.
டாக்டர் சொன்னாரே என்று
போனைக் காதில் வைத்தபடி
ஆற்றோரம் நடக்கிறேன்.
பையில் அந்தப் பொத்தான்.
யார் சட்டையுடையது என்று
திங்களன்று கேட்க வேண்டும்.
பதின்மூன்றாவது, என்கிறது குரல்.
மணி ஒன்பது ஐந்து.