இடப்பக்கம்

பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட
அது வழியில் நின்றதில்லை.
விற்பதற்கு வேறு காரணம்
என்னிடம் இருக்கவில்லை.
வாங்க வந்த பையனிடம் இதைச் சொன்னால்
சந்தேகப்படுவான் என்று பேசாமல் இருந்தேன்.

ஏழு இருக்கை. வெள்ளி நிறம்.
ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே
அதே போல் இன்னும் ஒன்பது நிற்கும்.
இரவில் சாவியை அழுத்துவோம்;
எது கண் சிமிட்டுகிறதோ அது எங்களுடையது.

பெல்ட் போடாவிட்டால் கூவும்.
கதவு சரியாக மூடாவிட்டால் கூவும்.
பின்னால் எடுத்தால், சுவர் வருகிறது சுவர் வருகிறது என்று கூவும்.
திவாஷினி பிறந்த மூன்றாம் நாள் வீடு வந்தது அதில்தான்.
மாமனாரை வாரம் மூன்று தடவை
டயாலிசிஸுக்கு ஏற்றிப் போனதும் அதில்தான்.
அப்புறம் அந்த இருக்கையை
மடித்தே வைத்துவிட்டோம்.

வாங்கியது டாட்சன்.
எழுபத்தேழாம் வருடத்துக் காடி.
மஞ்சள் என்று சொல்ல முடியாது,
ஆடை படிந்து ஆறிப்போன தே தாரிக்.
புலாவ் தீக்குஸில் கூ என்ற பல் டாக்டர்
சாவியோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் தந்தார்.

இரண்டாம் கியருக்கு அவசரம் பிடிக்காது.
எண்ணெய் முள் கால்வாசி காட்டினால், காலி.
வைப்பர் ஓடும்போது ரேடியோ கேட்க ஆசைப்படாதே.
கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில்:
இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்கும். தானாக.

"நல்ல காடியைக் கொடுத்துட்டு
ஒரு வியாதிய வாங்கியிருக்க" என்றார் குணாளன்.
நான் கணக்காளர்.
தேய்மானம் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போய்ச் சேர
ஏழு இடத் திருப்பம்.
முதல் திருப்பத்தில், மோட்டாரில் இடியப்பம் விற்பவர்
நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்.
இரண்டாவதில், பள்ளி வாசலில்
காடிகளை மறித்து நிற்கும் மக்சிக் தலையாட்டினார்.
மூன்றாவதில் ஒருவன்
ஹொக்கியனில் கெட்ட வார்த்தை சொன்னான்.
பதினொரு வருடம் இதே சாலை.
என்னை ஒருவர் ஏசியதுகூட இல்லை.

மூன்றாம் வாரம், ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில், மழையில்
அது நின்றது.
குணாளன் ஜப்பான் சிலிப்பரோடு தள்ளினார்,
வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டு.
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி
என் மடியில் போட்டுவிட்டு
திவாஷினியும் இறங்கினாள்.
சிலிப்பர் ஒன்று சாக்கடையோடு போனபோது
கண்ணாடியில் பார்த்தேன்,
இரண்டு பேரும்
தள்ள முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆ ஹோக் பட்டறையில் நான்கு நாள்.
கார்புரேட்டருக்கு இவ்வளவு, ஹோஸுக்கு இவ்வளவு.
"ஹாரனும் சரி பண்ணிட்டேன், அதுக்குக் காசு வேணாம்."
பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டேன்.
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"கெட்டுப்போனா கொண்டு வா.
கெடுக்க எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை
இடியப்பக்காரரின் முதுகைக் கடந்து போனேன்.
மக்சிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கையால் அடிக்கலாம்தான்.
ஆனால் அடித்தால் அடித்தது நானாகிவிடும்.

அன்று இரவு நோட்டை எடுத்து
சிவப்பு வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்.
எங்கள் தொழிலில் அப்படித்தான்,
அடித்தது அடியில் படிக்கத் தெரிய வேண்டும்.
கீழே எழுதினேன்:
இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்கவும்.

மறுநாள் கிரீன் லேன் சிக்னலில்
பக்கத்தில் வந்து நின்றது ஒரு வெள்ளிநிறக் காடி.
எங்களுடையதாக இருக்கலாம்.
பம்பரில் இருந்த கீறலும் அதே உயரம்தான்.
அழுத்திப் பார்க்கச் சாவி இல்லை.
பச்சை விழுந்ததும்
கட்டைவிரலால் ஹாரனை அழுத்தினேன்.
உள்ளே இருந்த அம்மாள் திரும்பவில்லை,
கண்ணாடி மேலே ஏற்றியிருந்தது.
அவரும் இடப்பக்கம்தான் போல,
அது மட்டும்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.