ஈரக் கழிவு

இலையை நிழலில் உலர்த்தவும் என்கிறது செய்முறை.
எழுதியவருக்கு ஊட்டியின் ஜூலை தெரியாது.
இங்கே நிழலே நனைந்துதான் கிடக்கிறது.

தவிட்டுச்செடி இலைகளை
விடுதி அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன்,
ரெஜினாவின் கட்டிலுக்கு மேலே.
ஹீட்டர் அந்தப் பக்கம்.
துணி காயப்போட இடமில்லையென்று
ஆறாம் நாள் அவள் பேச்சை நிறுத்தினாள்.
ஒன்பதாம் நாள் இலை நொறுங்கியது.

பச்சையில் ஒரு கிராம், காய்ந்ததில் ஒரு கிராம்.
அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து,
வடிதாளில் இறக்கினால்
இரண்டும் ஒரே கடுங்காப்பி நிறம்.
பிறகுதான் அந்த ஊதாக் கரைசல்.
சாறு பட்டதும் ஊதா வெளிறி மஞ்சளாகும்,
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வீரியம்.
வெளிச்சம் ஆகாது என்று
போஜன் அண்ணன் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்.
அரை மணி நேரம் இருட்டில்
நானும் முப்பது குழாய்களும்.

பச்சைக்கு முப்பத்தொன்று.
காய்ந்ததற்கு எழுபத்துநான்கு.
'உலர்ந்ததே மேல்' என்று எழுதி
அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

மேடம் சிவப்பு மையில் ஒரே வரி:
தண்ணீரைக் கழித்தாயா?

கழித்தேன்.
பச்சிலையில் நூற்றுக்கு அறுபத்தெட்டு தண்ணீர்.
மிச்சத்தை வைத்து வகுத்தால்
பச்சைக்குத் தொண்ணூற்றேழு.
அப்படியானால் இருபத்துமூன்று எங்கே போனது?
தன்னைக் கொடுத்துப் பிறிதைக் காப்பதுதானே
இந்தச் சரக்கின் குணம்.
ஒன்பது இரவும் எங்கள் அறைக் காற்றுக்குக்
கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது,
தூங்குகிற ரெஜினாவின் தலைக்கு மேல்.
அவளிடம் சொன்னேன்.
'அதுக்கு நான் என்ன பண்ண' என்றாள்.
பேசிவிட்டாள், அதுவரைக்கும் லாபம்.

இரவு அம்மா போன் செய்தாள் கோத்தகிரியிலிருந்து.
நாற்பத்தொரு கிலோ கொழுந்து,
மழை ஈரத்துக்கு நாலு கிலோ கழிச்சுட்டாங்க.
எப்படிக் கணக்குப் போட்டாங்க?
எங்கடி போட்டாங்க, சாக்கைப் பார்த்தாங்க.

சனிக்கிழமை மழையில் பறித்த ஒரு கைப்பிடி
வாய் கட்டிய பாலித்தீன் பையில்
கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.
நாலாம் தசமம் நடுங்கி நின்றது.
ஒவ்வொரு இலையாக ஒற்றியெடுத்து
மறுபடி நிறுத்தேன்.

நூற்றுக்கு ஆறு.
நாற்பத்தொன்றில் இரண்டரைகூட வராது.

ஆய்வேட்டில் இதற்கு அட்டவணை இல்லை.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு, நேரம் போட்டு,
சாட்சிக்குப் போஜன் அண்ணனிடம்
கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.